படங்களுக்குப் பின்னால் இருந்த எழுத்து

அன்புள்ள மதிக்கு,

வியாழக்கிழமை நீ புது வேலைக்காகத் தில்லிக்கு ரயில் ஏறுகிறாய். அதற்குள் உன் புத்தகத்துக்காக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாய். தாள் என்ன வகை, வண்ணம் எதில் அரைத்தது, எழுதியவர் கை ஒன்றா இரண்டா என்பதையெல்லாம் நீயே எழுதி முடித்துவிட்டாய். மிச்சம் இருப்பது ஒன்றுதான். "ஏன் வெட்டினீங்க, எப்படி வெட்டினீங்கன்னு நீங்கதான்ப்பா எழுதணும். நான் எழுதினா உங்களைக் காப்பாத்தற மாதிரி ஆயிடும்" என்றாய். நான்கு முறை உட்கார்ந்து பார்த்தேன். ஊருக்குப் பொதுவாக எழுத எனக்கு வரவில்லை. யாரோ ஒரு கடைக்காரரைப் பற்றி யாரோ எழுதியது போல இருந்தது. ஆகவே உனக்குக் கடிதமாகவே எழுதுகிறேன். இப்படியே அச்சில் போட்டுவிடு. மற்றவர்கள் கூட இருந்து படித்துக்கொள்ளட்டும்.

நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு நடந்தது இது. பெரிய கடை வீதியை ஒட்டிய சந்தில் நம் ஃப்ரேம் கடை அப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பழைய பேப்பர் எடுக்கும் ஒருவர் எனக்கு அவ்வப்போது பழைய காலண்டர் படங்களைக் கொண்டுவந்து தருவார். அவர் ஒரு நாள் மதியம் வேட்டித் துணியில் சுற்றிய கட்டு ஒன்றை என் மேஜையில் வைத்தார். "ஸ்ரீரங்கத்துல ஒரு வீட்டுல வெள்ளையடிக்க பரணைக் காலி பண்ணாங்க. பேப்பரோட பேப்பரா இதுவும் வந்துடுச்சு. பூரா சாமி படமா இருக்கு. உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க" என்றார். துணியைப் பிரித்தேன். முதுகு தளர்ந்த ஒரு புத்தகம். அகலமான தடித்த தாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு புறம் மட்டும் மேலே ஒரு படம், கீழே இரண்டு வரி எழுத்து, சுற்றிலும் பொன் பூசிய கரை. வாசல் வெயில் மேஜை வரை வரும் நேரம் அது. பக்கத்தைச் சாய்த்தபோது பொன் கண்ணைக் கூசவைத்தது. பிரம்மா பூஜை செய்கிறார், ராமர் எதையோ ஒருவருக்குக் கொடுக்கிறார், ஆற்றில் மீன்கள் ஒவ்வொன்றாக எண்ணும்படி நீந்துகின்றன. ஸ்ரீரங்கத்துக்குப் பெருமாள் வந்த கதை என்று ஊகித்தேன். கீழே இருந்த எழுத்து தெலுங்கு என்பது மட்டும் தெரிந்தது. படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டலாம் என்றும் தோன்றவில்லை.

இதைப் படிப்பவர்கள், பாவம், வறுமையில் செய்திருப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. எங்களுக்கு அப்போது எந்தக் கஷ்டமும் இல்லை. அந்தப் படங்கள் அவ்வளவு அழகாக இருந்தன. அதனால்தான் வெட்டினேன். என் கடைச் சுவரில் அவை தொங்க வேண்டும், வருகிறவர்கள் நின்று பார்க்க வேண்டும், இந்தச் சந்தில் இவன் கடையில்தான் இப்படிப் படம் கிடைக்கும் என்று பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன். புத்தகமாக இருந்தால் யார் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். என்னிடம் இருந்த சட்டங்களின் அளவுக்கு அந்தப் பக்கங்கள் பெரிதாக இருந்தன. இரும்பு ஸ்கேலை வைத்து, புது பிளேடு மாட்டி, கீழே இருந்த எழுத்தை ஒரே இழுப்பில் நீக்கினேன். எழுத்து போனால் படத்துக்கு ஒன்றும் குறையாது என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் புத்தகம் முடிந்தது. நான்கு மாதத்தில் படங்கள் எல்லாம் போய்விட்டன. ஆற்றுப் பக்கம் மட்டும் மிகவும் நீளம். அதை மூன்றாக வெட்டி மூன்று சின்ன சட்டங்களில் போட்டேன். அந்த மூன்றில் ஒன்றுகூட இன்றுவரை நமக்குக் கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் எல்லாம் அதில்தான் வந்து நிற்கிறது. படத்துக்கும் பின் அட்டைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் கண்ணாடிக்குள் படம் நழுவும். அதற்காக ஏதாவது ஒரு தாளைக் கொடுத்து இறுக்குவது எங்கள் வழக்கம். அப்போது என் கைக்கு எட்டியது வெட்டிப் போட்ட எழுத்துத் துண்டுதான். ஒரு படத்தை வெட்டி, உடனே அதைச் சட்டத்தில் போட்டு, அதன் துண்டையே பின்னால் வைத்து ஆணி அடித்துவிடுவேன். பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. கைப்பழக்கம், அவ்வளவுதான்.

நீ வளர்ந்தாய். வேதியியல் படித்தாய். வங்கித் தேர்வு எழுதுவாய் என்று நான் எதிர்பார்த்திருந்தபோது, பழைய சுவடிகளையும் தாள்களையும் பாதுகாக்கும் படிப்பில் சேரப் போகிறேன் என்று வந்து நின்றாய். அன்று நான் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "செத்த காகிதத்துக்கு வைத்தியம் பார்க்கவா உன்னை இத்தனை வருஷம் படிக்க வெச்சேன்?" என்றேன். விண்ணப்பத்தில் என் கையெழுத்து தேவைப்படாத இடம் வரை நிரப்பி, மிச்சத்துக்கு அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாய். பிறகு தஞ்சாவூரில் ஒரு நூலகத்தில் வேலை. நம் காட்டூர் வீட்டிலிருந்து தினமும் காலையில் தஞ்சாவூர் பஸ் பிடித்துப் போய் வந்தாய். பழைய தெலுங்கு எழுத்தை பஸ்ஸிலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டாய். எதிர் சீட்டில் பார்த்த என் சிநேகிதர் ஒருவர், "உங்க பொண்ணு பஸ்ஸுல பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்குது, என்ன பரீட்சை?" என்று கேட்டார். அன்று பெருமைப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அதையும் என் தவறுகளோடு சேர்த்துக்கொள்.

இரண்டு வருஷம் முன்பு திருவெறும்பூரில் உன் தோழி வீட்டுக்குப் போனாய். அவள் அப்பா தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுப் பூஜை அலமாரியில் ஒரு அனுமார் படம். பொன் கரை மூன்று பக்கம் இருக்கிறது, கீழ்ப்பக்கம் மட்டும் இல்லை. அச்சுப் படம் இல்லை, கையால் வரைந்தது என்று பார்த்ததுமே கண்டுகொண்டாய். மேல் மூலையில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை. இரண்டு வாரம் கழித்து ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தபோது கல்லாவுக்கு மேலே ராமர் பட்டாபிஷேகம். அதே கரை, அதே மூலையில் அதே துளை, கொஞ்சம் சிறியதாக. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது நீ சொன்னாய். உன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. "அப்பா, புழு ஒண்ணு அட்டையிலேர்ந்து நேரா துளைச்சுக்கிட்டே போயிருக்கு. உள்ள போகப் போகத் துளை சின்னதாகுது. அதை வெச்சே எந்தப் பக்கம் முன்னாடி, எது பின்னாடின்னு சொல்லிடலாம். ரெண்டும் ஒரே புத்தகம்ப்பா. எவனோ ஒரு பாவி முழுப் புத்தகத்தையும் கூறு போட்டிருக்கான்!"

நான் தலையைக் குனிந்து சட்னியைத் தொட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது அந்தப் புத்தகத்தை மேஜையில் பார்த்தவள் அவள். "இவ்வளவு நல்லா இருக்கே, இதையா வெட்டப் போறீங்க?" என்று அப்போதே கேட்டவள்.

அன்றே சொல்லியிருந்தால் அது ஒரு வார்த்தையோடு போயிருக்கும். நான் எட்டு மாதம் சொல்லவில்லை. நீ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பையில் தண்ணீர் பாட்டிலோடு கிளம்பிப் போய், வீடு வீடாக விசாரித்து, ஐந்து படங்களைக் கண்டுபிடித்தாய். யாரும் சட்டத்தைப் பிரிக்க விடவில்லை. "சாமி படத்தை எப்படிம்மா பிரிக்கிறது?" என்றார்கள். கண்ணாடிக்கு மேலாகவே போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாய். "எழுத்து இல்லாம இது வெறும் படம்ப்பா. என்ன கதை, எழுதினது யாரு, யாருக்காக எழுதினாங்க, ஒண்ணுமே தெரியாது" என்று வருத்தப்படுவாய். ஒரு நாள் போனை என் முன்னால் நீட்டினாய். "நீங்க ஃப்ரேம் போட்டவர்தானே, இந்தச் சட்டம் யார் கடை வேலைன்னு பார்த்தா தெரியுமா?" தேக்குச் சட்டம், மூலையில் நான் வைக்கும் குறுக்கு வெட்டு. என் கையெழுத்தை நான் பார்ப்பது போல இருந்தது. "தெரியலம்மா" என்றேன். வெட்டியது என் இளமையின் அறியாமை என்று சொல்லலாம். இந்தப் பொய்க்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது. நீ போன பிறகு அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "பொண்ணு வெயில்ல அலையுது. வாயைத் திறங்களேன்" என்றாள். "சொன்னா என்னை என்னன்னு நினைக்கும்?" என்றேன். "இப்ப மட்டும் நீங்க பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

கடைசியில் என் வாயைத் திறக்க வைத்தது இந்தப் படங்களைப் பற்றி நூலகத்துக்கு நீ எழுதிய அறிக்கைதான். ஸ்ரீரங்கத்தில் விசாரித்து, சித்திரை வீதியில் சௌந்தரராஜன் என்பவர் வீட்டில் அப்படி ஒரு புத்தகம் இருந்தது என்று கண்டுபிடித்திருந்தாய். மார்கழியில் ஏகாதசி சமயத்தில் மட்டும் வெளியே எடுத்து அவர் அப்பா படிப்பாராம். அவரிடம் போய்க் கேட்டபோது, "தொலைஞ்சு போயிடுத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு, உன் முகத்தைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாராம். உனக்குச் சந்தேகம் வந்தது. நடை சரியாக இருக்கிறதா என்று கேட்டு அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினாய். 'வைத்திருந்த குடும்பத்தாரே பக்கங்களைத் தனித்தனியாகப் பிரித்து விற்றிருக்க வாய்ப்புண்டு' என்று ஒரு வரி வந்தது. "அந்த வரி வேண்டாம்" என்றேன். "ஏன்ப்பா?" என்றாய். "நாளைக்கு லீவு போடு. மருங்காபுரிக்குப் போகணும், சித்தப்பா வீட்டுக்கு. ஒண்ணு காட்டணும்" என்றேன்.

மதுரை ரோட்டில் பஸ் போகும்போது வழியெல்லாம் நீ என்ன என்ன என்று கேட்டாய். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். உன் சித்தப்பா கடலைக் காட்டிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வாசலில் செருப்பை விட்டதும் நேராகக் கூடத்துக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, அவர் கல்யாணத்துக்கு நான் கொடுத்த படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். இரண்டாகப் பிரிந்த ஆற்றுக்கு நடுவில் தீவு, தென்னை, நடுவே கோயில். பொன் கரை மூன்று பக்கம். நீ பார்த்தாய். "சித்தப்பா, இது ஏது?" என்றாய். "உங்கப்பா கொடுத்ததும்மா. தன் கையாலயே ஃப்ரேம் போட்டுக் கொண்டாந்தாரு" என்றார் அவர், ஒன்றும் அறியாமல். படத்தைக் கவிழ்த்துப் பாயில் வைத்து, கையோடு கொண்டுபோன குறடு ஒன்றை எடுத்தேன். உன் சித்தி பதறிப் போய், "மாமா, சாமி படத்தைக் கவுத்துப் போடுறீங்களே" என்றாள். நான் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அட்டையைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, துண்டை எடுத்து உன் கையில் கொடுத்தேன்.

நீ அதைத் திருப்பிப் பார்த்தாய். படத்தைக் கண்ணாடியிலிருந்து மெல்ல விடுவித்து, துண்டை அதன் கீழே வைத்து நகர்த்தினாய். என் பிளேடு ஓர் எழுத்தின் தலையை வெட்டிக்கொண்டு போயிருந்தது. தலை படத்தில் இருந்தது, உடல் துண்டில் இருந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில் நீ விரலை வைத்து மெதுவாக வாசித்து, தமிழில் சொன்னாய். "இரண்டு காவேரிக்கு நடுவே..." அப்புறம் நிமிர்ந்தாய்.

"உள்ள இருக்குன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"நான்தான் வெச்சேன். நான்தான் வெட்டினேன்."

"நான் தேடறது இதுதான்னு எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ மொத நாள் சொன்னப்பவே."

நீ கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். துண்டைப் படத்தின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு வெளியே போய், கடலை காயப் போட்டிருந்த களத்து ஓரத்தில் நின்றாய். உன் சித்தி காபி கொண்டுபோனாள், வாங்கிக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் கழித்து உள்ளே வந்தாய். கண் சிவந்திருந்தது. "எல்லாப் படத்துலயும் இப்படி வெச்சிருக்கீங்களா?" என்றாய். "அனேகமா" என்றேன். "சரி. யார் யாருக்குக் கொடுத்தீங்கன்னு யோசிச்சு வைங்க. அதுக்கு முன்னால ஸ்ரீரங்கம் போகணும். அவர்கிட்ட நீங்க சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்." அவ்வளவுதான். அதன் பிறகு பன்னிரண்டு நாள் என்னோடு நீ பேசவில்லை. "அம்மா, அப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்று பக்கத்து அறையிலிருந்து குரல் வரும். கோபத்திலும் நான் பசியோடு இருக்கக் கூடாது என்று பார்த்தாய். அந்தக் கோபம் நியாயமானது. எங்கே வேலைக்குப் போனாலும் அந்தக் கோபத்தை விட்டுவிடாதே. பெரிய பதவியில் இருப்பவர்கள் மறைத்தாலும் அப்படித்தான் கோபப்பட வேண்டும்.

சௌந்தரராஜன் வீட்டில் நான் உட்காரவில்லை. "உக்காருங்கோ" என்றார். நின்றபடியே சொன்னேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். கேட்டு முடித்ததும், "பெருமாளைக் கத்தரிச்சேளா?" என்றார். குரல் உயரவில்லை. "ஆமா சார்" என்றேன். எழுந்து உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. கிளம்பிவிடலாமா என்று உன்னைப் பார்த்தேன். நீ அசையவில்லை. இரண்டு டம்ளர் தண்ணீரோடு வந்தார். "பரணைக் காலி பண்ணினது நான்தான். கட்டை அவிழ்த்துக்கூடப் பார்க்கலை. பழைய பேப்பரோட எடைக்குப் போட்டுட்டேன். அந்த மார்கழியில எங்கப்பா தேடினார். எனக்குத் தெரியாதுன்னுட்டேன். போற வரைக்கும் தேடிண்டே இருந்தார்" என்றார். அறிக்கையில் அவரைப் பற்றி நீ எழுதியிருந்த வரி என் மனதில் ஓடியது. உனக்கும் ஓடியிருக்கும். நீ தலை குனிந்து, "நான் உங்களைத் தப்பா எழுதியிருந்தேன் சார். இன்னும் யாருக்கும் அனுப்பல" என்று அவரிடம் சொன்னாய். நான் எட்டு மாதத்தில் செய்யாததை நீ எட்டு நொடியில் செய்தாய். அவர் உன்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் எடைக்குப் போட்டேன், இவர் வெட்டினார். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீ மாட்டிண்டியேம்மா!" என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் நாம் கொண்டுவரும் ஒவ்வொரு துண்டையும் உன்னோடு உட்கார்ந்து வாசிக்கிறார். அப்பா ஏகாதசிக்குப் படித்ததில் காதில் நின்றதை வைத்து, அழிந்த இடத்தில் என்ன எழுத்து இருந்திருக்கும் என்று அவர்தான் சொல்கிறார்.

அதன் பிறகு நீயும் நானும் சேர்ந்து அலைந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி உன் புத்தகத்தில் இரண்டே வரி எழுதியிருக்கிறாய். எனக்கு அது போதாது. நான் கூட இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். முகங்கள் எனக்கு நினைவில் இருப்பதில்லை, போட்ட சட்டம் நினைவிருக்கும். தேக்குச் சட்டம் கேட்டவர் திருவெறும்பூர், கறுப்புச் சட்டம் வாங்கியவர் உறையூர் என்று ஒவ்வொன்றாக வந்தது. வீட்டைக் கண்டுபிடிப்பதோடு என் வேலை முடிந்தது. அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே போனது உன் பேச்சுதான். திருவெறும்பூரில் முதலில் மறுத்த உன் தோழியின் அம்மாவிடமே மறுபடி போனோம். "எடுத்துட்டுப் போக வரலீங்கம்மா. பின்னாடி ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். அதைப் படிச்சுட்டு, போட்டோ எடுத்துட்டு, உங்க சாமியை உங்ககிட்டயே மாட்டிக் கொடுத்துடுவோம். நீங்க பக்கத்துலயே உக்காந்து பாருங்க" என்றாய். அவர் யோசித்தார். ராகு காலம் முடியட்டும் என்றார். நீ முக்கால் மணி நேரம் காத்திருந்தாய். விளக்கேற்றி, கும்பிட்டு, அவரே படத்தை எடுத்துக் கொடுத்தார். துண்டு இருந்தது. நீ வாசித்துவிட்டுத் தயங்கினாய்.

"அம்மா, இது அனுமார் இல்லீங்க. விபீஷணர். ராமர் கொடுத்த கோயில் விமானத்தைத் தலையில சுமந்துக்கிட்டு இலங்கைக்குப் போறாரு."

அந்த அம்மா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "அடக் கடவுளே! மலையைத் தூக்கிட்டுப் போறாருன்னுல்ல நெனச்சேன்! இத்தனை வருஷமா சனிக்கிழமை தவறாம வடை மாலை சாத்திக்கிட்டு இருக்கேன். வால் எங்கேன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. ஃப்ரேம் போட்டவன் வெட்டியிருப்பான்னு சொல்லிட்டேன்!"

அந்த ஃப்ரேம் போட்டவன் நான், குறடும் கையுமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டாய். அப்புறம் அவரிடம் சொன்னாய்: "விபீஷணருக்கு ஊர்ல யாருமே வடை சாத்த மாட்டாங்கம்மா. உங்க வீட்டுல மட்டும்தான் கிடைச்சிருக்கு. விட்டுடாதீங்க." அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இப்போதும் சனிக்கிழமை சாத்துகிறாராம். அந்தச் சிரிப்பில்தான் நீ என்னோடும் சரியானாய் என்று நினைக்கிறேன். திரும்பும்போது பஸ்ஸில், "வால் இருந்து நீங்க வெட்டியிருந்தீங்கன்னா அதையும் உள்ளே வெச்சிருப்பீங்க" என்றாய். நிறுத்தம் வரும் வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

மதி, உன் மேலதிகாரிகள் சிலர், படங்களையெல்லாம் வாங்கி ஒரே இடத்தில் வைத்துவிட வேண்டும் என்றார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீ, "முப்பது வருஷம் விளக்கேத்தினவங்ககிட்டேர்ந்து பிடுங்கினா நானும் ஒரு தடவை வெட்டின மாதிரிதான்" என்று சொன்னதாக உன் சக ஊழியர் ஒருவர் என்னிடம் சொன்னார். யாருடைய வீட்டிலிருந்தும் நீ ஒன்றையும் கேட்டு வாங்கவில்லை. பூச்சி வராமல் எப்படி வைப்பது, ஊதுவத்திப் புகை படாமல் எங்கே மாட்டுவது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாய். அவர்களாகவே மனமுவந்து நூலகத்துக்குக் கொடுத்தவை மூன்று. அதில் ஒன்று உன் சித்தப்பாவுடையது. மற்றவை வீடுகளிலேயே இருக்கின்றன. இருபத்தாறு பக்கங்கள் எழுத்தோடு சேர்ந்து, புழு போன வழியில் வரிசையாக, உன் புத்தகத்தில் வந்துவிட்டன. சௌந்தரராஜன் சென்ற மார்கழியில் நீ எடுத்துக் கொடுத்த நகலை வைத்து வீட்டில் வாசித்து, தமிழிலும் பொருள் சொன்னார். நீ போயிருந்தாய். என்னையும் கூப்பிட்டிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நான் படமென்று நினைத்து விற்றதெல்லாம் அன்றுதான் எனக்குக் கதையாகக் காதில் விழுந்தது.

கிடைக்காதது இன்னும் இருக்கிறது. ஆற்றுப் பக்கத்தை மூன்றாக வெட்டியபோது அதன் எழுத்தைத் துண்டு துண்டாக எங்கெங்கோ வைத்திருப்பேன். கரைகளில் பாதியைக் குப்பையில் போட்டேன். எழுதியவர் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்கிறாய். கடைசிப் பக்கத்தில் படம் இல்லை என்று அதைப் பொட்டலம் கட்டப் பயன்படுத்தியதாக எனக்கு மங்கலாக ஞாபகம். இதைச் சரிசெய்ய உன்னாலும் முடியாது. ஒரு மனிதர் மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய வேலையில் அவர் பெயர் என்னால் போய்விட்டது. இதை உன் புத்தகத்தில் மெழுகிவிடாதே. அப்படியே இருக்கட்டும்.

தில்லியில் உனக்குப் பெரிய படிப்புப் படித்தவர்கள் நடுவில் வேலை. அங்கே ஒரு புத்தகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடாதபோது, அதைத் தைத்தவரை, ஒட்டியவரை, மூட்டை தூக்கியவரைத் தேடிப் போய்க் கேள். தவறு செய்தவரிடம்கூடக் கேள். அவருக்குத்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும். அவர் பயந்து தெரியாது என்றால், என்னை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை கேள். உனக்கே ஒரு தவறு நேர்ந்தால் அன்று மாலைக்குள் சொல்லிவிடு. நாள் ஆக ஆக அதைச் சொல்வது எவ்வளவு பாரமாகும் என்று நான் எட்டு மாதம் சுமந்து தெரிந்துகொண்டேன். செத்த காகிதம் என்று ஒரு நாள் சொன்னேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உன்னை நான் தேர்ந்தெடுத்த வழியில் அனுப்பியிருந்தால், நான் செய்ததைச் சரிசெய்ய இந்த ஊரில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

நேற்று மதியம் ஒரு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் துணியில் சுற்றிய ஒரு படம். "மதிப் பொண்ணு வீடு இதுதானுங்களே?" என்றார். நீ தஞ்சாவூர் நூலகத்தில் பொறுப்பை ஒப்படைக்கப் போயிருக்கிறாய், புதன்கிழமைதான் வருவாய் என்று சொல்லி உட்கார வைத்தேன். "நான் அவ அப்பாங்க" என்றேன். "தெரியுமுங்க. இதை எங்க மாமனாருக்கு நீங்கதான் போட்டுக் கொடுத்தீங்களாம்" என்றார். துணியின் ஓரத்தில், ஆற்றுப் பக்கத்துக்கு நான் போட்டது போன்ற சின்ன சட்டத்தின் மூலை தெரிந்தது. "பிரிச்சுப் பார்க்கட்டுங்களா?" என்று கையை நீட்டினேன். அவர் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "இல்லீங்க, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு வரட்டும். அது திறந்தா நல்லபடியா மூடிக் கொடுக்கும்னு சொன்னாங்க. அதை நம்பித்தான் கொண்டாந்தேன்." அடுப்பங்கரையில் அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. நாற்பது வருஷம் இந்த ஊரில் ஃப்ரேம் போட்டவனை ஒதுக்கிவிட்டு, என் வீட்டுக்கே வந்து, என் மகளைக் கேட்கிறார்கள்.

உன் பெயரைச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். கூடத்து மேஜையில் இருக்கிறது. அந்த அம்மா சுற்றிக் கொடுத்த துணியை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. புதன்கிழமை வந்ததும் கை கழுவிவிட்டு வா. நீ திற, நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா